ஆடி முடியட்டும், மேடம்

என் நாத்தனாரின் கைப்பையைக் கவிழ்த்தால் சில்லறைக்கு முன்னால் வெள்ளை மணிகள்தான் உதிரும். ஜவ்வரிசி அளவில், தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் பிளாஸ்டிக் மணிகள். பையில் மட்டுமா, புடவைக் கொசுவத்தில், செருப்பின் பள்ளத்தில், ஒருமுறை சாம்பார் சாதத்தில்கூட. கல்யாணமாகி வந்த புதிதில் பெருக்கும்போது அவை முறத்தில் உருள்வதைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் யாரோ ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டு ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள் என்று நினைத்தேன். அண்ணியிடம் கேட்டேன். கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்துக் காட்டி, "ஜவ்வரிசி இல்லம்மா, இது கவர்மென்ட்டு. பாயசம் கீயசம் வெச்சிடாத" என்றார். அன்றிலிருந்து அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முறத்தில் உருளும் அந்த மணிகள்தான் நினைவுக்கு வரும்.

அண்ணி வேலை பார்த்தது அரசுக்குச் சொந்தமான ஒரு பெட்ரோ கெமிக்கல் கம்பெனியில். ஆலை வடக்கே எங்கோ, பெயர் நம் வாயில் நுழையாத ஊரில். கச்சா எண்ணெயிலிருந்து எடுத்ததைக் காய்ச்சி, வரும் வாயுவைப் பிடித்து, அதை மணியாக்கி மூட்டை கட்டி அனுப்புவார்கள். அந்த மூட்டைகள் வந்து இறங்கும் டெப்போ ஒன்று எங்கள் காஞ்சிபுரத்தில் வாலாஜாபாத் சாலையில் இருந்தது. அதற்கு அண்ணிதான் மேனேஜர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னார், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். கீழே நானும் என் கணவரும். கணவருக்கு ஓரிக்கைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையும், அதில் பிளாஸ்டிக் குடம் செய்கிற மெஷின் ஒன்றும் இருந்தன. கணக்கும் கட்டுமானமும் என் வேலை. கட்டுமானம் என்றால் குடங்களை ஒன்றின் கழுத்தில் ஒன்றாகக் கயிறு கோத்து மாலையாகக் கட்டி டெம்போவில் ஏற்றுவது. எங்கள் குடங்கள் வாலாஜாபாத் சந்தைக்குப் போயின, சாயப்பட்டறைகளுக்குப் போயின, தண்ணீர் லாரி வரும் தெருக்களுக்கெல்லாம் போயின. அக்கா விற்கும் மணியைத் தம்பி உருக்கிக் குடமாக்குகிறார், பார்க்க எவ்வளவு பொருத்தம் என்று உறவுக்காரர்கள் கண் வைத்தார்கள். உள்ளே இருந்து பார்த்தவள் நான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தினமும் அதே விவாதம்தான். மணி விற்பதற்கு எதற்கு ஒரு அரசாங்கம் என்பார் கணவர். தனியார் கம்பெனிக்காரன் காலையில் போன் போட்டால் சாயங்காலம் சரக்கை இறக்குகிறான். உங்கள் டெப்போவில் கேட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள் என்பார். அதில் பொய் இல்லை. ஒரு பொங்கலுக்கு முன் எங்களுக்குக் குடத்துக்கான மணிக்குப் பதிலாகப் பை செய்கிற மணியை அனுப்பிவிட்டார்கள். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள யார் கையெழுத்துப் போடுவது என்று அவர்கள் தங்களுக்குள் தீர்மானித்து முடிப்பதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. அதுவரை அந்த மூட்டைகளின் மேல் எங்கள் வீட்டு மிளகாயைக் காயவைத்தேன். அண்ணிக்கும் வெட்கம்தான், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்: "எங்க வெலைன்னு ஒண்ணு போர்டுல தொங்கிக்கினு இருக்குது பாரு, அத பாத்துப் பாத்துதான் அவன் வெலை வெக்கிறான். நீ எங்ககிட்ட ஒரு மூட்ட வாங்காட்டியும் நாங்க உனக்கு ஒதவிக்கினுதான்டா இருக்கிறோம்." கணவர் உடனே, "ஒதவிக்கினே இருந்தா கம்பெனிக்கு லாபம் எப்பக்கா வரும்?" என்பார். அண்ணி மோர் ஊற்றச் சொல்லித் தட்டை என் பக்கம் நீட்டுவார். அன்றைய பொருளாதார விவாதம் அதோடு முடியும்.

அண்ணி சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது ஒரு தட்டுப்பாட்டுக் காலத்தில். தனியார் கம்பெனியின் ஆலை ஏதோ பழுதுக்காக நின்றது. நின்ற மறுநாளே ஏஜென்டுகள் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். இருந்த சரக்கெல்லாம் பெரிய பெரிய பைப் கம்பெனிகளுக்குப் போயிற்று. சின்ன மெஷின்காரர்களுக்கு இருந்த ஒரே வழி அண்ணியின் டெப்போ. வாலாஜாபாத் சாலையில் டெம்போக்கள் வரிசை கட்டி நின்றன. எதிரே டீக்கடைக்காரருக்கு அதுதான் கருட சேவைத் திருவிழா. யாருக்கும் இல்லை என்று சொல்லாமல், யாருக்கும் வேண்டிய அளவு கொடுக்காமல், எல்லோருடைய மெஷினும் ஏதோ கொஞ்சமாவது ஓடும்படி பங்கு போட்டார் அண்ணி. வரிசையின் கடைசியில் என் கணவர் நின்றார். பிறகு பொறுக்காமல் வரிசையை விட்டு நேராகப் போய், "அக்கா, நாளைக்கு ஆர்டர் குடுக்கணும்" என்றாராம். அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டோக்கன் இருக்குதா?" என்றாராம். வீட்டுக்கு வந்து, "கூடப் பொறந்த அக்கா இருந்தும் நான் அநாதைம்மா" என்று என்னிடம் சொன்னார். மெஷின் நிற்கவில்லை. ஆனால் அவருடைய கோபமும் நிற்கவில்லை. அக்கா உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் சாப்பிட வர மாட்டார். இரண்டு பேருக்கும் இரண்டு தடவை அப்பளம் பொரித்தது நான்.

இனிமேல் ஆடி மாதக் கதைக்கு வர வேண்டும். டெப்போவில் மணி வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் போடுவார்கள். வருஷம் முழுக்க இவ்வளவு எடுத்துக்கொள்கிறேன் என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டால், தட்டுப்பாடு வந்தாலும் உனக்கு உண்டு என்று கம்பெனி உறுதி கொடுக்கும். அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நாள் சரியாக ஆடியில் வந்து விழும். எங்கள் ஊரில் ஆடியில் யார் புதுக் காரியத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள்? தறியில் புதுப் பாவு நூல் பூட்டுவதைக்கூடத் தள்ளிவைக்கிறவர்கள் உண்டு. அண்ணி மேலிடத்துக்கு எழுதினார், பேசினார். வடக்கத்தி அதிகாரி ஒருவருக்குப் போனில் ஆடி மாதத்தை விளக்கியதை நானே மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், கோபம் மட்டும் தமிழ். அந்த அதிகாரி, அந்த மாதத்தில் உங்கள் ஊரில் யாரும் தண்ணீர்கூடப் பிடிக்க மாட்டார்களா என்று கேட்டாராம். கடைசியில் இறங்கி வந்தார். காஞ்சிபுரம் டெப்போவுக்கு மட்டும் ஒப்பந்தம் ஆவணி முதல் முகூர்த்தத்தில் போட்டால் போதும் என்று ஏற்பாடாயிற்று. ஒரு தேசத்தின் கம்பெனி எங்கள் ஊர் ஆடிக்காகக் காத்திருந்தது என்பதில் அண்ணிக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஆவணி பிறந்ததும் ஊரே தேங்காய், ரவிக்கைத் துணியோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்.

பிறகு கம்பெனியை அரசாங்கம் விற்கப்போகிறது என்ற பேச்சு வந்தது. விற்றார்களா என்றால் இல்லை. விற்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விற்றிருந்தால்கூட ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். பெண் பார்க்க வருகிறோம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு யாரும் வராத வீட்டைப் போல, கம்பெனியில் யாருக்கும் எந்த வேலையிலும் மனம் ஒட்டாமல் போயிற்று. பழைய அதிகாரிகள் போனார்கள். புதிதாக வந்தவர்கள் எந்த டெப்போ லாபம், எந்த டெப்போ தண்டம் என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் டெப்போவுக்கு வந்த உத்தரவு இதுதான்: இந்த வருஷம் போதுமான பேர் ஒப்பந்தம் போட்டால் டெப்போ இருக்கும், இல்லாவிட்டால் மூடப்படும். கடைசி நாள் ஆடிக்குள். ஆவணி வரைக்கும் காத்திருக்கும் பேச்சே இல்லை.

அண்ணி கெஞ்சுகிற ஆள் இல்லை. அந்த ஆடியில் கெஞ்சினார். ஸ்கூட்டியில் ஒவ்வொரு கொட்டகையாகப் போனார். செவிலிமேடு, திருப்புட்குழி என்று ஒரு பட்டறை விடவில்லை. எல்லோரும் உட்கார வைத்தார்கள், காபி கொடுத்தார்கள், ஒரே பதிலைச் சொன்னார்கள். "ஆடி முடியட்டும், மேடம்." ஆடி முடிந்தால் டெப்போவே இருக்காதுப்பா என்றால், "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மேடம், கவர்மென்ட்டு கம்பெனி எங்க போயிடும்?" என்றார்கள். அரசாங்கம் எப்போதும் இருக்கும் என்று இவ்வளவு திடமாக நம்புகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் அதைக் கைவிட்டார்கள்.

அதே வாரத்தில் தனியார் கம்பெனியின் ஏஜென்ட் வந்தான். சென்னைப் பையன், வாய் நிறைய சார். ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு இனிப்புப் பெட்டி. "ஆடித் தள்ளுபடி ஜவுளிக் கடைக்கு மட்டும்தானா சார்? நாங்களும் குடுக்கறோம். கையெழுத்தே வேணாம், சரக்க எறக்கிக்கங்க" என்றான். ஆடியில் பேனாவைத் தொட மாட்டோம் என்று சொன்ன அதே மனிதர்கள் லாரி லாரியாக இறக்கிக்கொண்டார்கள். கேட்டால் அதற்கும் விளக்கம் இருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் அது புதுக் காரியம். சரக்கு இறக்குவது தினமும் நடப்பது, அதற்கு ஆடி கிடையாது. இந்த விளக்கத்தை என்னிடம் சொன்னவர் என் கணவர். எங்கள் கொட்டகையில் மூட்டை இறங்கிய அன்றைக்கு அவரோடு நான் போட்ட சண்டை பக்கத்துப் பட்டறை வரைக்கும் கேட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் அவனிடம் வாங்குங்கள், அண்ணியிடம் போய் ஒரு கையெழுத்தாவது போட்டுவிட்டு வாருங்கள் என்றேன். "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நம்பினேன்.

அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். ஆடியிலும் ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே, அன்று எதையும் தொடங்கலாமே. டெப்போவிலேயே வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவது என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார். எல்லோரும் வருகிறோம் என்றார்கள். அன்று காலையில் நான் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். டெப்போ வாசலில் அண்ணி தன் கையாலேயே பெரிய கோலமாகப் போட்டிருந்தார். கரும்பச்சைப் பட்டு கட்டியிருந்தார், தலையில் பூ. வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மேஜையில் மஞ்சள் குங்குமத்தோடு ஒப்பந்தத் தாள்களை அடுக்கி வைத்திருந்தார். அவரை அப்படி அலங்காரமாக நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

முதலில் நைலான் கயிறு திரிக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, பட்டுப் புடவைக்குப் பிளாஸ்டிக் உறை செய்கிற ஜைனர் ஒருவர் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்தார். "எங்களுக்கு ஆடி, ஆவணி எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று சிரித்தபடி அவரும் போட்டார். அதோடு சரி. மற்றவர்களிடமிருந்து போன் மட்டும் வந்தது. ஒருவருக்கு மாமனாருக்கு உடம்பு சரியில்லை. ஒருவர் குடும்பத்தோடு பாலாற்றுக்குப் போயிருக்கிறார், அந்த வருஷம் ஆற்றில் தண்ணீரே இல்லை. பொங்கல் இறுகிப்போயிற்று. சுமை இறக்குகிறவர்களுக்கு இலை போட்டுக் கொடுத்தோம். நான் வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய்க் கணவருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். திரும்பினால் பின்னால் அண்ணி நின்றிருந்தார்.

"வுடும்மா," என்றார். "அவன் வரமாட்டான். அவன் குடோன்ல எடம் இல்ல."

அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கோலம் போட்டிருக்கிறார், பூ வைத்திருக்கிறார். சாயங்காலம் நாற்காலிக்காரர் வந்து நாற்காலிகளை மடக்கும்வரை அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். கேட்டிருந்தால் அவர் கத்தியிருப்பார், இவர் கத்தியிருப்பார், நான் நடுவில் அழுதிருப்பேன், எல்லாம் ஆறியிருக்கும்.

டெப்போவைப் புரட்டாசியில் மூடினார்கள். அண்ணியைச் சென்னை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். விடியற்காலை ரயிலில் போய் விளக்கு வைத்த பிறகு வருவார். ஓய்வு பெறும்வரை அப்படியே ஓட்டினார். இங்கே போர்டில் தொங்கிக்கொண்டிருந்த அந்த விலை போய்விட்டது. அது போன பிறகுதான் அது எதைப் பிடித்து நிறுத்தியிருந்தது என்று தெரிந்தது. முதலில் தள்ளுபடி நின்றது. பிறகு விலை ஏறிற்று. கேட்டால், "மேல ஏறிடுச்சு சார்" என்றான் ஏஜென்ட். எந்த மேலே என்று அவனுக்கே தெரியாது. பிறகு முழு லோடு எடுப்பவர்களுக்கு மட்டும்தான் சரக்கு என்றான். அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. தட்டுப்பாடு வந்தபோது வரிசையில் நிற்க ஒரு கேட் இல்லை, டோக்கன் இருக்கிறதா என்று அதட்ட ஒரு ஆள் இல்லை. தனியார்காரனைத் திட்டி என்ன செய்ய? அவன் வியாபாரம் செய்தான். நாட்டின் பொருளாதாரத்துக்கு அரசாங்கக் கம்பெனி தேவையா இல்லையா என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் இப்போதும் சண்டை போடுகிறார்கள். இரண்டு பக்கத்துப் பேச்சும் எனக்குச் சலித்துவிட்டது. எங்கள் சாப்பாட்டு மேஜையில் இதைவிட நன்றாகவே சண்டை போட்டோம், அதுவும் மோர் சாதத்தோடு.

ஓரிக்கைக் கொட்டகை ஓடியது, நின்றது, மறுபடி கொஞ்சம் ஓடியது. கடைசியில் மெஷினைக் காயலான் கடைக்காரர் வந்து வெட்டித்தான் எடுத்துப்போனார். கணவர் இப்போது வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறார். குடம் செய்தவர் கேன் சுமக்கிறார் என்று யாரும் கேலி செய்வதில்லை. கேலி செய்ய வேண்டியவர்கள் எல்லோரும் வேறு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வார்கள். மாத்திரை வாங்கினாயா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்பதுபோல. மணியைப் பற்றி மட்டும் ஒரு பேச்சு இருக்காது.

போன மழைக்காலத்தில் அண்ணிக்கு அவருடைய பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கம்பெனியை விற்கிற பேச்சு நின்றுவிட்டதாம். சின்னப் பட்டறைகளை மறுபடி பிடிக்க வேண்டும், உங்கள் பக்கத்தில் போதுமான பேர் கையெழுத்துப் போட்டால் டெப்போ திறக்கலாம், நீங்கள் கூட வந்து ஆட்களைக் காட்ட முடியுமா என்று கேட்டார்களாம். அண்ணியின் அந்தப் பழைய குரலை வெகுநாள் கழித்துக் கேட்டேன். மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரலைச் சொல்கிறேன். ஒரு இளம் அதிகாரி காரில் வந்தார். அண்ணி குடையை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார். பகல் தாண்டித்தான் திரும்பி வந்தார். புடவைக் கரையெல்லாம் சேறு. கயிறு திரித்த பெரியவர் இறந்து, அந்த இடத்தில் பைக் சர்வீஸ் நடக்கிறது. புடவை உறைக்காரர் பிள்ளையோடு பெங்களூர் போய்விட்டார். மற்ற கொட்டகைகளில் ஒன்றில் பிரியாணிக் கடை, ஒன்றில் புடவைக் கடையின் கார் நிறுத்தம், மீதி பூட்டு. எல்லாவற்றையும் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். "டெப்போ தரேன்றாங்கம்மா. கையெழுத்து போடத்தான் ஒரு ஆள் இல்ல" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

கணவர் அப்போதுதான் காலி கேன்களை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். வாசலில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். தலையைத் துவட்டிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "நான் போடறேன்க்கா" என்றார்.

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மெஷினே இல்லியேடா."

"தெரியும். சும்மா கணக்குக்குப் போடறேன். ஒரு பேராவது இருக்கட்டும். குடுக்கா, எங்க போடணும் சொல்லு." கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஆடிப்பெருக்கு அன்றைக்கு வந்திருக்க வேண்டிய மனிதர் இத்தனை வருஷம் கழித்து என் வீட்டுக் கூடத்தில் ஈரத் துண்டோடு வந்து நின்றார். வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணி, ஒரே ஒரு பொய்க் கையெழுத்து, யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அண்ணி அவருடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

"வேணாம்பா," என்றார். "மெஷின் இல்லாதவன்கிட்ட நான் எப்பிடிடா கையெழுத்து வாங்குவேன்?"